பழத்தில் பூக்கும் கறுப்புப் பூசணம்: கடலூர், புதுச்சேரி வட்டாரத்துக்கான கேள்விகளும் பதில்களும்

மார்ச் தொடங்கி மே வரை பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்துத் தோப்புகளில் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு முந்திரிப்பழத்தைச் செம்மண்ணிலேயே விட்டுவிடுவார்கள். இரண்டு மூன்று நாளில் அதன்மேல் கறுப்பாகப் பொடி பூக்கும். அந்தப் பொடி பல நேரம் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சை. குளிர்பானப் பொடி முதல் சோடா வரை எல்லாவற்றிலும் இருக்கும் சிட்ரிக் அமிலத்தைத் தொழிற்சாலைகள் பெரும்பாலும் இதே இனத்தை வளர்த்துத்தான் எடுக்கின்றன. பழச்சாற்றைத் தெளியவைக்கும் நொதியும் அப்படியே. தோப்புக்காரர்கள், சாறு பிழியும் சுயஉதவிக் குழுவினர், கல்லூரி மாணவர்கள் ஆகியோர் வழக்கமாகக் கேட்பவை கீழே.

கண்ணால் பார்த்தே இன்ன பூசணம் என்று சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு முடியும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று இருந்தால் போதும். ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் முதலில் வெள்ளையாகப் படரும். பிறகு குட்டையான காம்புகளின் நுனியில் குண்டூசித் தலை போன்ற கறுப்பு உருண்டைகள் நெருக்கமாக எழும். விரலில் உலர்ந்த பொடியாக ஒட்டும். பழம் குழைந்தாலும் உடனே நீர் ஒழுகாது.

ரைசோபஸ் வேறு மாதிரி. சாம்பல் நிற இழைகள் நீளமாக, முரட்டுத்தனமாகக் கிளம்பி, நுனியில் பளபளக்கும் கறுப்புப் புள்ளிகளைத் தாங்கியிருக்கும். பழத்திலிருந்து சாறு வடியும். கூடையில் ஒன்றுக்கு வந்தால் ஒட்டியிருக்கும் நாலைந்துக்கு ஒரே இரவில் தாவிவிடும். பலாவில் பார்ப்பது பெரும்பாலும் இதுதான். ஆரஞ்சு, சாத்துக்குடியில் வரும் பச்சையும் நீலமும் பெனிசிலியம் வகைகள்.

நைஜரை அதன் நெருங்கிய உறவான ஆஸ்பெர்ஜில்லஸ் கார்பனேரியஸிடமிருந்து லென்ஸ் வைத்துப் பிரிக்க முடியாது. அதற்கு ஆய்வகத்தில் மரபணுவைப் படிக்க வேண்டும். நச்சு விஷயத்தில் இந்த வேறுபாடு முக்கியமாகிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

2021இல் பயமுறுத்திய ‘கருப்புப் பூஞ்சை’ நோய் இதனால் வந்ததா?

இல்லை. அது மியூகர்மைகோசிஸ். கொரோனா இரண்டாம் அலையில் பரவலாகப் பேசப்பட்ட அந்த நோய்க்குப் பெரும்பாலும் காரணம் ரைசோபஸ் அரைசஸ் என்ற பூஞ்சை. கட்டுக்கடங்காத சர்க்கரை நோயும் அதிக ஸ்டீராய்டும் சேர்ந்தவர்களின் மூக்கு, கண் பகுதிகளை அது தாக்கியது. வெங்காயத்தின் மேல்தோலில் உள்ள கறுப்பைத் தொட்டால் அந்த நோய் வரும் என்று அப்போது வாட்ஸ்அப்பில் சுற்றிய செய்தி தவறு. வெங்காயத்தில் இருப்பது நைஜர். மேல்தோலை உரித்து, கழுவிவிட்டுச் சமைக்கலாம். உள்ளடுக்கு வரை கறுத்திருந்தால் எறிந்துவிடுங்கள்.

பலாப்பழத்து ரைசோபஸ் ஸ்டோலோனிஃபரும் அந்த நோய்க்கிருமியும் ஒரே குடும்பம், ஆனால் வேறு இனம். நம் உடல் வெப்பமான 37 டிகிரியில் இது சரியாக வளராது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனில் சரியான இடத்தில் ஓர் ஆக்சிஜனை ஏற்றி, கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தின் தயாரிப்பை மலிவாக்கியது ரைசோபஸ் பூஞ்சைதான். அமெரிக்காவின் அப்ஜான் நிறுவனத்தில் பீட்டர்சனும் மர்ரேயும் அதை 1952இல் வெளியிட்டார்கள். ஸ்டீராய்டு மிகுந்த உடம்பில் நோயாக வருவதும் ஸ்டீராய்டு செய்ய உதவியதும் ஒரே பேரினம்.

ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜரிலிருந்து என்னென்ன எடுக்கிறார்கள்?

அமிலங்களில் சிட்ரிக் அமிலமும் குளுக்கோனிக் அமிலமும் முக்கியம். நொதிகளின் பட்டியல் நீளம். பழச்சாற்றுக்குப் பெக்டினேஸ், மாவுச்சத்தைக் குளுக்கோஸ் ஆக்க அமைலோகுளுக்கோசிடேஸ், ரொட்டி மாவுக்குக் குளுக்கோஸ் ஆக்சிடேஸ், சாத்துக்குடிச் சாற்றின் கசப்பைக் குறைக்க நரிஞ்சினேஸ், துவர்ப்பு தரும் டானினை உடைக்க டேனேஸ், கோழித் தீவனத்தில் பாஸ்பரஸ் வீணாகாமலிருக்க ஃபைடேஸ். பாலைச் செரிக்க முடியாதவர்கள் சாப்பிடும் லாக்டேஸ் மாத்திரையிலும் பல நேரம் இதே குடும்பத்துப் பூஞ்சையின் நொதிதான் இருக்கும்.

இவையெல்லாம் பூஞ்சை நமக்காகச் செய்பவை அல்ல. பழத்தின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பசை பெக்டின். அதைக் கரைத்தால்தான் பூஞ்சை உள்ளே நுழைய முடியும். அதற்காக நொதியை வெளியே கக்குகிறது, பழம் கொழகொழத்துப் போகிறது. அமிலத்தைச் சுரந்து சுற்றுப்புறத்தைப் புளிப்பாக்கினால் போட்டிக்கு வரும் பாக்டீரியாக்கள் ஒதுங்குகின்றன. அழுகல் என்று நாம் எறிவதும் தொழிற்சாலை விலைக்கு விற்பதும் ஒரே வேலையின் இரண்டு பக்கங்கள்.

சிட்ரிக் அமிலம் எலுமிச்சையிலிருந்து வருவதில்லையா?

முன்பு அப்படித்தான் வந்தது. ஷீலெ என்ற சுவீடன் வேதியியலாளர் 1784இல் எலுமிச்சைச் சாற்றிலிருந்து பிரித்தார். முதல் உலகப் போர் வரை இத்தாலிய எலுமிச்சைதான் சந்தையைப் பிடித்திருந்தது. 1917இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கரி, சர்க்கரை மிகுந்த, கடும் புளிப்பான கரைசலில் இந்தப் பூஞ்சை ஏராளமாகச் சிட்ரிக் அமிலம் தருவதைக் காட்டினார். ஃபைசர் நிறுவனம் 1919இல் உற்பத்தியைத் தொடங்கியது. இன்று உலக உற்பத்தி ஆண்டுக்கு 20 லட்சம் டன்னுக்கு மேல்.

இன்றைய முறையில் லிட்டருக்கு 140 முதல் 200 கிராம் சர்க்கரை, 30 டிகிரி வெப்பம், பி.எச். (புளிப்பின் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 3க்குக் கீழே, இடைவிடாத காற்று. ஐந்து முதல் எட்டு நாள் ஓடும். இதில் அதிகம் கவனிக்க வேண்டியது மாங்கனீசு. லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் மாங்கனீசு கூடினாலே விளைச்சல் சரியும். மாங்கனீசு இல்லாதபோது பூஞ்சை சின்னச் சின்ன கெட்டி உருண்டைகளாக வளரும். தன் உடலைக் கட்ட முடியாமல், உள்ளே வந்த சர்க்கரையைச் சிட்ரிக் அமிலமாக வெளியே தள்ளும். மாங்கனீசு கிடைத்துவிட்டால் நீண்ட இழைகளாகப் படர்ந்து கரைசலைக் கூழாக்கிவிடும். காற்று உள்ளே போகாது, அமிலமும் வராது. அதனால்தான் வெல்லப்பாகை மூலப்பொருளாக எடுக்கும் ஆலைகள் முதலில் பெரோசயனைடு போட்டு உலோகங்களை வீழ்த்துகின்றன, அதாவது அடியில் படியவைக்கின்றன.

பி.எச். ஏறினாலும் சிக்கல்தான். 4.5ஐத் தாண்டினால் சர்க்கரை குளுக்கோனிக் அமிலப் பக்கம் திரும்பும். 5, 6 என்று போனால் ஆக்சாலிக் அமிலமும் வரத் தொடங்கும். பூஞ்சை ஒன்றேதான், தொட்டியின் நிலவரம் மாறினால் சரக்கு மாறிவிடும்.

கல்லூரித் திட்டப்பணியாகச் செய்து பார்க்க என்ன அளவுகள்?

மேலே சொன்ன ஜேம்ஸ் கரியின் பழைய கலவையே இன்றும் போதும். ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் சர்க்கரை 140 கிராம், அம்மோனியம் நைட்ரேட் 2.5 கிராம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 1 கிராம், மக்னீசியம் சல்பேட் 0.25 கிராம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு பி.எச்.ஐ 2.2க்குக் கொண்டு வாருங்கள். 250 மில்லி குடுவைக்கு 50 மில்லி கலவை. அதற்குமேல் ஊற்றினால் காற்று போதாது. 121 டிகிரியில் 20 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்து ஆறவைத்து, மில்லிக்கு ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் வித்துகள் (கறுப்புப் பொடியாகத் தெரிபவை) வருமாறு விதையுங்கள். 30 டிகிரி, நிமிடத்துக்கு 200 சுற்று, ஏழு நாள். ஆட்டும் கருவி இல்லையென்றால் அகலமான தட்டில் மெல்லிய அடுக்காக ஊற்றி, அசைக்காமல் விட்டால் மேலே ஏடு கட்டி வளரும். நாள் கூடுதலாகும்.

அளக்க, வடிகட்டிய திரவத்தில் 1 மில்லியை 20 மில்லி நீரில் கலந்து, பினாப்தலின் சொட்டி, 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடால் டைட்ரேட் செய்யுங்கள். செலவாகும் ஒவ்வொரு மில்லிக்கும் 6.4 மில்லிகிராம் சிட்ரிக் அமிலம். ஆனால் இந்தக் கணக்கு எல்லா அமிலத்தையும் சிட்ரிக் என்றே எண்ணிவிடும். சரிபார்க்க வழி உண்டு. இன்னொரு பங்கைக் கொஞ்சம் நடுநிலையாக்கிக் கால்சியம் குளோரைடு விடுங்கள். குளிர்ந்த நிலையிலேயே வெண்மையாக விழுவது ஆக்சலேட். கொதிக்க வைத்தபின் விழுவது சிட்ரேட். சூட்டில் கரைதிறன் குறையும் அபூர்வமான உப்பு அது.

சொதப்புவது பெரும்பாலும் மூன்று இடங்களில். போர்வெல் தண்ணீர் எடுத்தால் அதிலுள்ள இரும்பும் மாங்கனீசும் எல்லாவற்றையும் கெடுக்கும். மளிகைக் கடை நாட்டுச் சர்க்கரை போட்டாலும் அதே கதை, வெள்ளைச் சர்க்கரையே நல்லது. மூன்றாவது, தோப்பிலிருந்து எடுத்த பூசணத்தை அப்படியே விதைப்பது. அது எந்த இனம் என்றே தெரியாது, விளைச்சலும் சொற்பம். சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி. நுண்ணுயிர்ச் சேமிப்பகத்திலிருந்து எண் குறித்த நைஜர் வளர்ப்பைத் துறை வழியாகக் கேட்டு வாங்குங்கள். வித்து 3 முதல் 5 மைக்ரான்தான், மூச்சோடு நேரே நுரையீரலுக்குப் போகும். என்95 முகக்கவசம் இல்லாமலோ, ஆஸ்துமா உள்ளவர்கள் பக்கத்தில் இருக்கும்போதோ குடுவையைத் திறக்கக் கூடாது. வேலை முடிந்ததும் மறுபடி ஆட்டோகிளேவ் செய்த பிறகே தொட்டியில் கொட்ட வேண்டும்.

வீணாகும் முந்திரிப்பழத்திலிருந்து பண்ருட்டியில் சிட்ரிக் அமில ஆலை போடலாமா?

வேதியியல் இடம் கொடுக்கும், கணக்கு இடம் கொடுக்காது. 100 லிட்டர் சாற்றில் சுமார் 10 கிலோ சர்க்கரை. எல்லாம் நன்றாக நடந்து 6 கிலோ அமிலம் கிடைத்தது என்றே வைப்போம். அதைத் திரவத்திலிருந்து பிரிக்க 3.5 கிலோ நீற்றிய சுண்ணாம்பு போட்டுக் கால்சியம் சிட்ரேட்டாக வீழ்த்த வேண்டும். பிறகு 4.6 கிலோ கந்தக அமிலம் விட்டு விடுவிக்க வேண்டும். 8 கிலோ ஜிப்சம் மிஞ்சும். அதன்பின் கரி வடிகட்டல், அயனிப் பரிமாற்றம், படிகமாக்கல். சாற்றில் டானினும் உலோகமும் வேறு. பழம் வருவது ஆண்டுக்கு மூன்று மாதம். இத்தனைக்கும் பிறகு மூட்டை மூட்டையாக இறக்குமதியாகும் சரக்கோடு விலையில் மோத வேண்டும். யாராவது திட்ட அறிக்கை நீட்டினால் ஜிப்சத்தை எங்கே கொட்டுவார்கள் என்று முதலில் கேளுங்கள்.

அமிலத்தை விடுங்கள். பூஞ்சையின் நொதியை வாங்கிவந்து சாற்றைத் தெளியவைப்பதில்தான் சிறு அலகுக்கு வேலை இருக்கிறது.

பெக்டினேஸ் போட்டு முந்திரிப்பழச் சாற்றைத் தெளியவைப்பது எப்படி?

10 லிட்டருக்குச் சொல்கிறோம். மரத்திலிருந்து பறித்த அல்லது அன்று காலை விழுந்த பழம் மட்டும். ஒரு நாள் தாண்டினால் வெளி வெப்பத்தில் புளித்துவிடும். வெடித்தது, பூசணம் பட்டது எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள். 4 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டை லிட்டருக்கு 2.5 மில்லி கலந்த நீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். பிழியும் கருவி துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். இரும்பு பட்டால் டானினோடு சேர்ந்து சாறு கறுத்துவிடும்.

மல் துணியில் வடிகட்டி 45 டிகிரிக்குச் சூடாக்குங்கள். 60ஐத் தாண்டினால் நொதி செத்துவிடும். 30இல் விட்டால் நொதி மந்தமாகும், அதற்குள் ஈஸ்ட் முந்திக்கொள்ளும். எவ்வளவு நொதி என்பதற்குப் பொதுவான அளவு கிடையாது, ஒவ்வொரு தயாரிப்பின் வீரியமும் வேறு. ஐந்து பாட்டிலில் தலா 100 மில்லி சாறு எடுத்து, ஒன்றில் எதுவும் போடாமல், மற்றவற்றில் பொட்டலம் சொல்லும் குறைந்த அளவிலிருந்து படிப்படியாகக் கூட்டி, 45 டிகிரி வெந்நீரில் இரண்டு மணி நேரம் வையுங்கள். பிறகு ஆல்கஹால் சோதனை. வடிகட்டிய சாறு 5 மில்லிக்கு, ஒரு சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த எத்தனால் 10 மில்லி ஊற்றி, மெல்லப் புரட்டிக் கால் மணி நேரம் பாருங்கள். பிசின் திரியாக எழுந்தால் பெக்டின் மிச்சம் இருக்கிறது. எதுவும் எழாத பாட்டில்களில் குறைந்த அளவு எதுவோ அதுதான் உங்கள் அளவு. (புதுச்சேரியில் எளிதாகக் கிடைக்கும் என்று குடிக்கிற சரக்கை எடுக்காதீர்கள். 42 சதவீதத்தில் பெக்டின் சரியாகத் திரளாது, ஆய்வகத் தரம் வேண்டும்.) துவர்ப்பு மிகுந்த பழமாக இருந்தால் நொதி கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும். நொதியும் ஒரு புரதம்தான், டானின் அதையும் பிடித்துக்கொள்ளும்.

தொண்டையைக் கரகரக்க வைக்கும் துவர்ப்பு பெக்டினேஸால் போகாது. அதற்கு ஜவ்வரிசி. 50 கிராம் ஜவ்வரிசியைப் பொடித்து, அரை லிட்டர் நீரில் கண்ணாடிபோல் வரும்வரை காய்ச்சி, ஆறவைத்துச் சாற்றில் கலக்கி, குளிர்பெட்டியில் 12 மணி நேரம் விடுங்கள். டானினோடு சேர்ந்து அடியில் படியும். மேல் தெளிவைக் குழாய் போட்டு இறக்குங்கள். நொதியை முன்பே போடுவதற்குக் காரணம் உண்டு. பெக்டின் இருக்கும்வரை எதுவும் ஒழுங்காகப் படியாது.

மாவு மிச்சமிருக்கிறதா என்று அயோடின் சொட்டிப் பார்ப்பார்கள். முதல் சொட்டுகளின் நிறம் உடனே மறைந்தால் மாவு இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். இந்தப் பழத்தில் ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி உண்டு, அது அயோடினை விழுங்கும். நிறம் நிற்கும்வரை சொட்டிக்கொண்டே போய், நீலமா மஞ்சளா என்று பாருங்கள். கடைசியாக 85 முதல் 90 டிகிரியில் ஐந்து நிமிடம் சூடாக்கினால் நொதி நின்றுவிடும். சூட்டோடு பாட்டிலில் அடைக்கலாம்.

வாங்கும்போது உணவுத் தரம் என்று அச்சிட்டிருக்கிறதா, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். திருப்பூர்ப் பக்கம் பருத்தித் துணி வெளுக்கவும் பெக்டினேஸ் விற்கிறார்கள். மலிவு என்று அதை வாங்கிவிடக் கூடாது.

பூசணம் பிடித்த பழத்திலேயே அந்த நொதி இருக்கிறதே, அதையே சாற்றில் சேர்த்தால் என்ன?

கூடாது. கறுப்பு ஆஸ்பெர்ஜில்லஸ்களில் சில ரகங்கள் ஓக்ராடாக்சின் ஏ என்ற நச்சைத் தரும். கார்பனேரியஸில் இது சாதாரணம், நைஜரில் குறைவு. நைஜரின் பல ரகங்கள் ஃபியூமோனிசின் பி2 தரும். ஓக்ராடாக்சின் சிறுநீரகத்தைப் பாதிப்பது, சமையல் சூட்டில் அழியாதது. ஆலைகள் நச்சு தராத ரகம் என்று சோதித்த வளர்ப்பைத்தான் பயன்படுத்துகின்றன, பூஞ்சையை வடிகட்டி நீக்கியபிறகே நொதியை விற்கின்றன.

அழுகிய பகுதியை மட்டும் வெட்டிவிட்டுச் சாப்பிடலாமா?

முந்திரிப்பழம், திராட்சை, மாம்பழம், சப்போட்டா போன்ற மென்மையானவற்றில் முடியாது. கண்ணுக்குத் தெரியும் கறுப்பு வித்து மட்டுமே, இழை உள்ளே தூரம் ஓடியிருக்கும். முழுப் பழத்தையும் எறியுங்கள். பலாவில் காம்பு வெட்டிய இடத்தில் மட்டும் உலர்ந்த பூசணம், தோல் கெட்டியாக இருக்கிறது என்றால் தாராளமாக வெட்டி நீக்கி, கத்தியைக் கழுவியபின் உள்ளே பாருங்கள். தோல் பழுப்பாகி அமுங்கினாலோ சாராய வாடை வந்தாலோ சுளை எடுக்க வேண்டாம்.

ஆரஞ்சுப் பழத்தின் பச்சைப் பூசணத்தில் பென்சிலின் இருக்குமாமே?

இருக்காது. அது பெனிசிலியம் டிஜிட்டேட்டம், பெனிசிலின் தருவதில்லை. 1943இல் அமெரிக்காவின் பியோரியாவில் அழுகிய முலாம்பழத்திலிருந்து கிடைத்த ரகம்தான் பெனிசிலின் உற்பத்தியைப் பெருக்கியது. அது வேறு இனம். ஆப்பிளின் நீலப் பூசணமோ பேட்டுலின் என்ற நச்சைத் தருகிறது. ஆப்பிள் சாற்றில் அது கிலோவுக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்திய விதி. புண்ணில் பூசணம் பிடித்த தோலை வைத்துக் கட்டும் கை வைத்தியத்தை யாரும் முயல வேண்டாம்.

பலாவில் சின்னப் பிஞ்சுகள் கறுத்து உதிர்கின்றன. மருந்தடிக்க வேண்டுமா?

உதிர்வது பிஞ்சுதானா என்று முதலில் பாருங்கள். பலாவில் ஆண் பூங்கதிர் வேலை முடிந்ததும் ரைசோபஸ் பிடித்துக் கறுத்து விழுவது இயற்கை. அது மெலிந்து, காம்பும் மெல்லியதாக இருக்கும். அதற்கு மருந்து வீண். தடித்த காம்புள்ள பெண் பிஞ்சும் காம்புப் பக்கமிருந்து கறுத்தால்தான் நோய். விழுந்தவற்றைப் பொறுக்கிப் புதையுங்கள், உள்கிளைகளைக் கவாத்து செய்து காற்று போக விடுங்கள், காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து தெளியுங்கள். கறுத்த ஆண் கதிர் பிஞ்சின்மேல் ஒட்டிக்கொண்டு நின்றால் அதைத் தட்டிவிடுவது எந்த மருந்தையும்விடப் பலன் தரும்.

கடையில் வாங்கும் சிட்ரிக் அமிலத்தில் பூசணம் இருக்குமா?

இருக்காது. வீழ்த்தி, வடிகட்டி, படிகமாக்கிய பொருள். எலுமிச்சையில் உள்ள அதே மூலக்கூறு. லேபிளில் ஐ.என்.எஸ். 330 என்று போட்டிருக்கும்.

காதில் பூசணம் என்று மருத்துவர் சொன்னார். பழத்துப் பூசணமேவா?

ஆமாம், பல நேரங்களில் நைஜர்தான். புழுக்கமான கடற்கரை ஊர்களில் இது அதிகம். அரிப்பும் அடைப்பும் இருக்கும், ஈரத்தாள்போன்ற அழுக்கில் கறுப்புப் புள்ளி தெரியும். எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள், பட்ஸ் விட்டுக் குடையாதீர்கள். காது மூக்கு தொண்டை மருத்துவர் அழுக்கை உறிஞ்சி எடுத்துவிட்டுப் பூஞ்சைக்கான சொட்டு மருந்து தருவார்.

கழித்த பழங்களை எருவாக்கி நிலத்தில் போடலாமா?

போடலாம். நைஜர் சுரக்கும் அமிலங்கள் மண்ணில் கட்டுண்ட பாஸ்பேட்டைக் கரைத்துத் தரவும் செய்யும். ஆனால் நிலக்கடலை போடப்போகும் நிலத்தில் அரைகுறையாக மக்கிய முந்திரிப்பழத்தைக் கொட்டாதீர்கள். நிலக்கடலையின் கழுத்தழுகல் நோய்க்குக் காரணம் இதே நைஜர். முளைத்த ஒரு மாதத்துக்குள் செடி வாடும், பிடுங்கினால் தண்டும் வேரும் சேரும் இடம் நார்நாராகி, கறுப்புப் பொடி ஒட்டியிருக்கும். பழத்தைச் சாணம், உலர் சருகோடு அடுக்கிக் குவியல் 55 முதல் 60 டிகிரி வரை சூடேறும்படி விட்டு, வாரம் ஒருமுறை புரட்டுங்கள். பழ வடிவமே தெரியாமல் மக்கியபின் போடலாம். விதைக்கு முன் கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா கலந்து விதைநேர்த்தி செய்வதையும் விட்டுவிட வேண்டாம். ரசாயன விதைநேர்த்தி செய்த விதையோடு அதே நாளில் டிரைக்கோடெர்மாவைக் கலந்தால் அதுவும் செத்துப்போகும், இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.